ரிவர்ஸ் விழாத வீடு

உடுமலைக்குத் தெற்கே, மொட்டை மாடியில் நின்றால் காற்றாலைகள் வரிசையாகத் தெரிகிற காத்தாடிப்புதூரில், முல்லை நகர் இரண்டாம் தெருவில், பதினாலாம் நம்பர் வீட்டில், புவியியல் வாத்தியார் வஞ்சிமுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து, பழைய கிளட்ச் பிளேட்டைத் தானே கழற்றி, புதியதைத் தானே மாட்டி, எல்லா போல்ட்டையும் முறுக்கி, கையைக்கூடத் துடைக்காமல் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகி, முதல் கியரைப் போட்டார். கியர் கத்திக்கொண்டு விழுந்தது. கார் நகரவில்லை. வீடு நகர்ந்தது.

ஒரு சாண் தூரம். போர்ட்டிகோவில் நின்ற காரையும், காருக்குள் இருந்த வாத்தியாரையும், மாடித் தண்ணீர்த் தொட்டியையும், கொடியில் காய்ந்த துணிகளையும், அடுப்படியில் கடுகு தாளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி கலாமணியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, கேட்டைப் பார்த்து ஒரு சாண் நகர்ந்து, எஞ்சின் குலுங்கி அணைந்ததும் வீடு நின்றுவிட்டது. சட்டியில் எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. குழாயில் தண்ணீர் நின்றது. கலாமணி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து பார்த்தாள். படியை ஒட்டி, வீட்டின் அகலத்துக்கு, ஒரு சாண் பட்டையாக ஈர மண் கிடந்தது. வீடு கட்டிய பதினாறு வருஷத்தில் முதல்முறையாக வெயிலைப் பார்த்த மண்புழுக்கள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நெளிந்துகொண்டிருந்தன.

அவள் முன்பக்கம் வந்தாள். "ஏனுங்க, என்ன பண்ணுனீங்க?"

"ஃபர்ஸ்ட் கியர் போட்டேன்."

"வீடு முன்னால வந்திருக்குதுங்க."

வாத்தியார் இறங்கினார். பள்ளிக்கூடத்து அளவுகோலை எடுத்து வந்து, குனிந்து அளந்தார். இருபத்து மூன்று சென்டிமீட்டர். "அப்போ கிளட்ச் வேலை செய்யுது," என்றார் திருப்தியோடு.

இதெல்லாம் பழனி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாபுஜான் ஒருநாள் சிரித்த சிரிப்பில் ஆரம்பித்தது. கியர் கஷ்டமாக விழுகிறது என்று வாத்தியார் காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, பாபுஜான் பெடலை நாலு தரம் மிதித்துப் பார்த்து, பிளேட் தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார். "ரெண்டு நாள் எதுக்கு? நாலு போல்ட்டு," என்றார் வாத்தியார். பாபுஜான் சிரித்தார். அந்தச் சிரிப்பை வாத்தியாரால் தாங்க முடியவில்லை. இனிமேல் என் வீட்டு வாசலில் கால் வைக்காதே என்று சொல்லிவிட்டு வந்தவர், செல்போனில் பதினான்கு வீடியோக்கள் பார்த்தார். அதில் ஒன்பது, எந்த நாட்டுப் பாஷை என்றே தெரியாதவை. "கை காட்டுதே, வாய் எதுக்கு?" என்று சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கழற்றிய போல்ட்டுகளைக் கலாமணியின் இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்தார். மூன்று வாரம் அந்த வீட்டில் இட்லி கிடையாது.

வீடு நகர்ந்த மறுநாளிலிருந்து வாத்தியார் கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கினார். பெடலுக்கு அடியில் கால்மிதி மாட்டியிருக்கலாம் என்று நினைத்தார். எடுத்துவிட்டு முதல் கியர் போட்டுப் பார்த்தார், வீடு ஒரு சாண் போனது. கியர் ஆயில் கெட்டியாக இருக்கலாம் என்று நினைத்தார். மாற்றிவிட்டு இரண்டாம் கியர் போட்டுப் பார்த்தார், வீடு இரண்டு சாண் போனது. கேபிளைத் தளர்த்தினார், ஒரு சாண். கேபிளை இறுக்கினார், ஒரு சாண். எதைச் செய்தாலும் செய்தது சரியா என்று பார்க்க ஒரு தரம் கியர் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தரம் போடும்போதும் வீடு தெருவைப் பார்த்துப் போனது. ரிவர்ஸ் மட்டும் விழவே இல்லை. கியர்க்குச்சியைப் பின்னால் தள்ளினால் மிக்ஸியில் கூழாங்கல் போட்டது மாதிரி கரகரவென்று கத்தியது. "அது வேண்டாம், நமக்கு முன்னால போறதுதான் முக்கியம்," என்றார் வாத்தியார்.

பத்து நாளில் வீடு கேட்டைச் சாய்த்து, சாக்கடையைத் தாண்டி, இரண்டாம் தெருவுக்குள் தலையை நீட்டியது.

இது எப்படி நடக்கிறது என்று முல்லை நகரில் ஒருவரும் கேட்கவில்லை. ஏன் முன்கூட்டியே தகவல் சொல்லவில்லை என்றுதான் கேட்டார்கள். லைன்மேன் வந்து கம்பத்திலிருந்து வரும் ஒயரைப் பத்து மீட்டர் கூடுதலாக விட்டு, சுருட்டி, சன்ஷேடில் தொங்கவிட்டுவிட்டு, "பத்து மீட்டர் தாண்டுறதுக்கு முன்னால ஒரு போன் பண்ணிருங்க சார்," என்று சொல்லிப் போனார். பால்காரம்மா, தெருமுனையிலிருந்து நடக்கும் தூரம் குறைந்தது நல்லதுதான் என்றாள். ஆக்கிரமிப்பு என்று புகார் போய், பேரூராட்சியிலிருந்து அளக்க வந்த ஆள் மூன்றடி என்று எழுதிக்கொண்டு போனார். நோட்டீஸ் தயாராகி வந்து சேர்ந்தபோது வீடு ஐந்தடி வந்திருந்தது, ஆகவே அந்த நோட்டீஸ் வேறு ஏதோ வீட்டுக்குரியது என்று வாத்தியார் கையெழுத்துப் போட மறுத்தார், அதுவும் நியாயம்தான் என்று கொண்டுவந்தவர் திரும்பிப் போனார். அடுத்து வந்த சர்வேயர் அனுபவசாலி. நிலத்தின் வகை என்ற கட்டத்தில் நஞ்சை, புஞ்சை, நத்தம் எதுவும் ஒத்துவராததால், நெடுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'போகிறது' என்று எழுதினார்.

நலச்சங்கம் கூடியது. இரண்டு மணி நேரம் காரசாரமாகப் பேசி, காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பள்ளி வேன் வருவதால் அந்நேரம் வீட்டை நகர்த்தக் கூடாது என்றும், மற்ற நேரங்களில் நகர்த்துவதற்கு முன் ஹாரன் அடிக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டது. கவுன்சிலராக ஜெயித்தது ஓர் அம்மாள். கவுன்சிலராக இருப்பது அவருடைய கணவர் கதிர்வேலு. அவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "வாத்தியாரே, இப்படியே போனா அடுத்த வார்டுக்குள்ள போயிருமுங்க. ஓட்டு நம்மளுக்குத்தானே?" என்று மட்டும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். வாஸ்து பார்ப்பவர், நகர்கிற வீட்டுக்கு ஈசானிய மூலை தினமும் மாறும் என்று தினமும் வந்தார். மதியத்தில் வீட்டு நிழல் தெருவில் விழுந்ததால் அங்கே ஒரு கரும்புச்சாறு வண்டி நின்றது. வண்டியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. கூட்டத்துக்குப் பெஞ்சு வந்தது. மூன்றாம் தெருவிலிருந்து தம்பதியாக வந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே குப்பைத் தொட்டி, வீட்டை ஒரு நாப்பதடி தள்ளி வைத்துத் தர முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. தாமதமாக வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் வீடு குறுக்கே வந்துவிட்டது என்றார்கள், பஸ்ஸில் போகிறவர்களும்கூட.

வாத்தியாருக்கு இது பிடித்திருந்தது. முதல் வாரத்தில் "சின்ன அட்ஜஸ்ட்மெண்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இரண்டாம் வாரத்தில் "சோதனை" என்றார், மூன்றாம் வாரத்தில் "என்னோட முறை" என்றார். கோளாறைத் தேடுவதை நிறுத்திவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, கரும்புச்சாறு குடிப்பவர்களிடம், கண்டங்களே தட்டுகளின் மேல் நகர்கின்றன, இந்தியா ஒருகாலத்தில் ஆப்பிரிக்காவோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு வீடு நகர்வதில் என்ன அதிசயம் என்று விளக்கினார். நலச்சங்கம் அவருக்குப் பாராட்டு விழா வைப்பதென்று முடிவு செய்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. முடிவில் வாத்தியார் எல்லோர் முன்னிலையிலும் ஐந்தாம் கியர் போட்டுக் காட்டுவார் என்று நோட்டீஸ் அடித்தார்கள்.

ஐந்தாம் கியர் என்றால் ஐந்து சாண். வீட்டுக்கும் எதிர்வீட்டுக் காம்பவுண்டுக்கும் நடுவே அப்போது நாலு சாண்தான் இருந்தது.

எதிர்வீட்டில் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஆரோக்கியசாமி இருந்தார். போன வருஷம் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோய், பேச்சும் குழறி, இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் தன் கேட்டிலிருந்து புறப்பட்டுத் தெருவைக் கடந்து, கலாமணி வீட்டுக் கேட்டை ஒரு கையால் தொட்டுவிட்டுத் திரும்புவார். பதினோரு எட்டு. வாசல் தெளிக்கும் கலாமணி அதை மனசுக்குள் எண்ணுவாள். எண்ணுவது அவருக்குத் தெரியக் கூடாது என்று வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். வீடு நகர நகர அவர் நடை குறைந்தது. ஒன்பது எட்டில் சுவரைத் தொட்டார், பிறகு ஏழில், பிறகு நாலில். அந்தச் சனிக்கிழமை காலை இரண்டே எட்டில் கலாமணி வீட்டுச் சுவரைத் தொட்டுவிட்டு, வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தார்.

"ரெண்டே எட்டு, அம்மிணி. பாத்தியா? டாக்டர் சொன்னதுக்கு முன்னாலயே சரியாயிட்டேன்."

கலாமணி வாளியைக் கீழே வைத்தாள். இந்த மூன்று வாரத்தில் குழாய் உடைந்தது, கேட் சாய்ந்தது, அவள் வைத்த கறிவேப்பிலைச் செடி பின்னால் தனியாக நின்றது, எல்லாவற்றையும் அவள் பொறுத்துக்கொண்டாள், இதைப் பொறுக்க முடியவில்லை.

உள்ளே வந்து கணவரிடம் சொன்னாள். "நாளைக்கு அஞ்சாம் கியர் போட்டா போஸ்ட்மாஸ்டர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் விழுந்துருமுங்க. சுவத்தை ஒட்டுன திண்ணையிலதான் அவர் கட்டில் கெடக்குது."

வாத்தியார் கண்ணாடி முன்னால் நின்று மறுநாள் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "விழாது, புள்ள. தட்டும் தட்டும் மோதுனா மலை உருவாகும். இமயமலை எப்படி வந்துச்சுங்கற?"

அன்று மதியம், வாத்தியார் மேடை போடுவதைப் பார்க்கப் போன நேரத்தில், கலாமணி பாபுஜானுக்குப் போன் செய்தாள்.

"நான் அங்க வரக் கூடாதுங்களேக்கா," என்றார் பாபுஜான். "வாசல்ல கால் வைக்காதேன்னு சொல்லியிருக்காருங்க."

"நீங்க வர வேண்டாமுங்க. சொல்லுங்க, நான் பண்றேன்."

"அப்போ டிரைவர் சீட்ல உக்காருங்க," என்றார் பாபுஜான்.

அவள் உட்கார்ந்தாள். பதினாறு வருஷமாக அந்த வீட்டில் அவள் உட்காராத ஒரே இடம் அதுதான். கல்யாணத்துக்கு முன்பு பெதப்பம்பட்டியில் அப்பாவின் தேங்காய் வேனை அவள்தான் சந்தைக்கு ஓட்டிப் போவாள். கல்யாணமான வாரத்தில் வாத்தியார், உனக்குக் கியர் வராது என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லிச் சொல்லி அவளும் நம்பிவிட்டாள்.

"எஞ்சினை அணைச்சே வையுங்க. கிளட்ச்சை மிதிச்சு ஒவ்வொரு கியராப் போட்டுப் பாருங்க. விழுதா?"

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ரிவர்ஸ். பழுத்த புளியம்பழம் மாதிரி எல்லாம் விழுந்தது. "எல்லாமே விழுதுங்க பாய். ரிவர்ஸ்கூட."

"அப்போ கியர் பொட்டி நல்லாருக்குங்க. இப்ப நியூட்ரல்ல வெச்சு ஸ்டார்ட் பண்ணி, ரிவர்ஸ் மட்டும் தொட்டுப் பாருங்க. போனைப் பக்கத்துல வையுங்க."

கரகரவென்று கத்தியது. பாபுஜான் அந்தச் சத்தத்தை முழுதாகக் கேட்டார். "போதுங்க, நிறுத்திருங்க," என்றார். பிறகு துக்கம் விசாரிப்பவர் குரலில் சொன்னார்: "பிளேட்டைத் திருப்பி மாட்டிட்டாருங்கக்கா. அதுக்கு ரெண்டு மூஞ்சி. ஒரு மூஞ்சி எஞ்சினைப் பாக்கோணும், ஒரு மூஞ்சி பொட்டியைப் பாக்கோணும். எது எந்தப் பக்கம்னு அதுலயே எழுதியிருக்குமுங்க. மாறிப்போச்சுன்னா கிளட்ச் விடாது. முன்னால போற கியரெல்லாம் கத்திக்கிட்டாவது விழும், ரிவர்ஸ் விழாது. சக்கரத்துக்குப் போகவேண்டிய இழுவை திரும்பி வீட்டைப் பாத்துப் போகுதுங்க, அவ்வளவுதான்."

"இப்ப கழட்டி மாட்டிரலாமுங்களா?"

"மாட்டுனா வீடு இருந்த எடத்துல நின்னுக்குமுங்க. அப்புறம் நடுரோட்டுலதான் குடியிருக்கோணும். மொதல்ல வீட்டைப் பின்னால கொண்டு போங்க. எஞ்சின் அணைஞ்சிருக்கறப்பவே ரிவர்ஸைப் போட்டுட்டு, அப்படியே சாவியைத் திருகுங்க. ஒரு குலுக்கு, ஒரு சாண். நின்னுக்கும். மறுக்காப் போட்டு மறுக்காத் திருகுங்க. பத்துக்கு ஒருக்கா பேட்டரிக்கு மூச்சு விடுங்க."

அன்றைக்கே செய்திருக்கலாம். ஆனால் வாத்தியார் திரும்பி வந்துவிட்டார், வந்தவர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் விழாவுக்குப் பட்டுச் சட்டை போட்டபோது அதற்குப் பையில்லை. "நான் கூப்பிடறப்போ கொண்டாந்து குடு," என்று சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

மேடை வீட்டுக்குப் பக்கவாட்டில், வீட்டுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார்கள். கதிர்வேலு முதலில் பேசினார். முல்லை நகருக்குச் சாலை வசதி கேட்டு வந்தோம், சாலையே இல்லாத அளவுக்கு முன்னேறிவிட்டோம் என்றார், கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு வாத்தியார் மைக்கைப் பிடித்து, ஆதியில் பூமி ஒரே நிலமாக இருந்த காலத்திலிருந்து தொடங்கினார். அவர் ஆப்பிரிக்காவைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கலாமணி காரில் ஏறி, ஹாரன் அடிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை நினைத்து ஒரு தரம் சன்னமாக அடித்துவிட்டு, ரிவர்ஸைப் போட்டுச் சாவியைத் திருகினாள்.

வீடு ஒரு சாண் பின்னால் போனது.

கூட்டம் கைதட்டியது. தன் கருத்துக்குத்தான் என்று நினைத்த வாத்தியார் குரலை உயர்த்தினார். அவள் மறுபடி திருகினாள். மறுபடி கைதட்டல். இந்தியா கடலில் வடக்கே நகர நகர வீடு தெற்கே நகர்ந்தது. பத்து திருகல், ஒரு மூச்சு. பத்து திருகல், ஒரு மூச்சு. கிளட்ச்சை மிதித்து மிதித்து அவளுடைய இடது கால் மரத்தது, முதுகில் ரவிக்கை ஒட்டியது, ஆனால் கை மட்டும் தேங்காய் வேனின் கியர்க்குச்சியைப் பிடித்த பழைய கையாக இருந்தது. சாக்கடை தாண்டியது. கேட் கிடந்த இடம் தாண்டியது. கறிவேப்பிலைச் செடி பின்ஜன்னலுக்குள் இலையை நீட்டியது. முப்பத்து ஆறாவது திருகலில் வீடு தன் பழைய குழியில் உட்கார்ந்தபோது, மாடித் தொட்டியில் தண்ணீர் ஒரே ஒரு தரம் தளும்பி அடங்கியது.

"இப்போது செய்து காட்டுகிறேன்," என்று வாத்தியார் திரும்பினார். திரும்பிய இடத்தில் தெருதான் இருந்தது. இருபதடித் தெரு, காலியாக, வெயில் அடித்துக்கொண்டு.

திங்கட்கிழமை பாபுஜான் வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றாமல் யோசித்தவரை, "உள்ள வாங்க பாய், இது என்ற வீடுந்தான்," என்று கலாமணி கூப்பிட்டாள். இரண்டு நாள் ஆனது. கியர்பாக்ஸை இறக்கி, பிளேட்டை எடுத்து, எழுதியிருந்த பக்கத்தை அவளுக்கு மட்டும் காட்டி, திருப்பி மாட்டினார். அவர் சிரிக்கவில்லை. வாத்தியார் அந்த இரண்டு நாளும் மாடியில் இருந்தார்.

முல்லை நகர் இதை மன்னிக்கவில்லை. கரும்புச்சாறு வண்டிக்கு நிழல் போயிற்று. பெஞ்சு வெயிலில் கிடந்தது. வாஸ்து பார்ப்பவர் வேலையில்லாமல் வீட்டைச் சுற்றிவிட்டுப் போனார். லேட்டாகப் போகிறவர்கள் பழையபடி உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. நல்லா ஓடிக்கொண்டிருந்த வீட்டை அந்த மெக்கானிக் கெடுத்துவிட்டான் என்று நலச்சங்கத்தில் பேசினார்கள், கண்டனத் தீர்மானம் போட்டார்கள். "நான் இல்லாத நேரத்துல கை வெச்சுட்டாங்க," என்று வாத்தியாரும் கீழே கையெழுத்துப் போட்டார். போஸ்ட்மாஸ்டர் பழையபடி பதினோரு எட்டு நடக்க வேண்டியதாகி, ஆறாவது எட்டில் நின்று மூச்சு வாங்கி, "திரும்பக் கெட்டுப் போயிருச்சு அம்மிணி," என்று வருத்தப்பட்டார். கெட்டதல்ல, இதுதான் நிஜமான தூரம் என்று அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கலாமணி தெருவில் இறங்கி, மிச்ச ஐந்து எட்டும் அவரோடு நடந்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் காரில் ஏறினாள். பெதப்பம்பட்டிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். வாத்தியார் படியில் நின்றுகொண்டு, "லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, நான் சொல்றப்போ கிளட்ச்சை விடு," என்று இரண்டு கையையும் ஆட்டினார். அவள் எஞ்சினைக் கிளப்பி, முதல் கியரைப் போட்டாள். சத்தமில்லாமல் விழுந்தது. கார் கேட்டைத் தாண்டித் தெருவில் ஏறியது. பயம் விடாமல் கண்ணாடியில் பார்த்தாள்: படி, படியில் கணவர், ஆடுகிற கை, கறிவேப்பிலைச் செடி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

இரண்டாம் கியர் போட்டாள். வீடு வரவில்லை.